பாரிஸில் எந்தப் பகுதியில் தங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸுக்கு முதன்முறை செல்பவர்கள் விமானச் சீட்டு எடுத்த கையோடு கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. உறவினர்களும் நண்பர்களும், அவர்கள் அனுப்பிவைத்த அவர்களுடைய நண்பர்களும் என்னிடம் எழுப்பிய ஐயங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு ஆண்டு குறிப்பிடாத இடங்களில் கட்டணங்கள் 2025ஆம் ஆண்டு நிலவரம். ரயில் கட்டணம் பொதுவாக ஜனவரியில் மாறுவதால், புறப்படுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பாரிஸில் நடு ஊர் என்பது எது? அங்கேயே அறை எடுத்துவிட்டால் வேலை முடிந்ததா?

நிலப்படத்தின்படி நடு ஊர் என்றால், நோத்ர் தாம் தேவாலயம் நிற்கும் சித்தே தீவும் செய்ன் நதியின் இரு கரைகளில் அதை ஒட்டிய தெருக்களும்தான். ஆனால் பயணிகள் பார்க்க விரும்பும் இடங்கள் அங்கே குவிந்து கிடக்கவில்லை. ஈஃபிள் கோபுரம் மேற்கே இருக்கிறது. மோன்மார்த்ர் குன்று வடக்கே இருக்கிறது. வெர்சாய் அரண்மனையும் டிஸ்னிலேண்டும் ஊருக்கு வெளியே எதிரெதிர்த் திசைகளில் இருக்கின்றன. நடுவில் தங்கினாலும் நாள்தோறும் ரயிலேறத்தான் வேண்டும்.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. பாரிஸ் நகரம் என்று சட்டப்படி அழைக்கப்படும் பகுதி, இரு ஓரங்களிலும் உள்ள பெரும் வனங்களையும் சேர்த்தே, ஏறத்தாழ 105 சதுர கிலோமீட்டர்தான். வீடுகள் நிறைந்த பகுதியைப் ‘பெரிஃபெரிக்’ என்னும் சுற்றுச்சாலை வளைத்து நிற்கிறது. அந்த வளையத்துக்குள் எங்கே நின்றாலும் சில நிமிட நடையில் ஒரு மெட்ரோ நிலையம் வந்துவிடும். எனவே ‘நடுவா, ஓரமா’ என்ற கேள்வியைவிட ‘எந்த நிலையம்’ என்ற கேள்வியே பயன் தரும்.

எல்லா விடுதி முகவரியிலும் 5ஆவது, 11ஆவது என்று ஓர் எண் வருகிறதே, அது என்ன?

பாரிஸ் நகரம் 20 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 1860இல் சுற்றியிருந்த சிற்றூர்களை நகரத்தோடு இணைத்தபோது வந்த பிரிவினை இது. அதற்கு முன் 12 வட்டாரங்களே இருந்தன. லூவ்ர் அருங்காட்சியகம் உள்ள இடம் 1. அங்கிருந்து கடிகார முள்ளின் திசையில் நத்தை ஓடுபோலச் சுழன்று வெளியே போய்க் கிழக்கு ஓரத்தில் 20இல் முடிகிறது. அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைச் சொல்லும். 75005 என்றால் 5ஆம் வட்டாரம், 75014 என்றால் 14ஆம் வட்டாரம். 16ஆம் வட்டாரத்துக்கு மட்டும் 75116 என்று இன்னொரு குறியீடும் உண்டு.

எண்ணைத் தூரமாகக் கொள்ளக் கூடாது. 1ஆம் வட்டாரமும் 8ஆம் வட்டாரமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்தடுத்த எண்களான 12க்கும் 13க்கும் இடையிலோ நதி ஓடுகிறது. குறியீடு 92, 93, 94 என்று தொடங்கினால் அது பாரிஸ் நகரமே அன்று, புறநகர். விளம்பரத்தில் ‘பாரிஸ்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் குறியீடு பொய் சொல்லாது.

ஈஃபிள் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே தங்க ஆசை. செய்யலாமா?

செய்யலாம், ஆனால் கோபுரத்தை ஒருமுறையோ இருமுறையோதான் போய்ப் பார்ப்போம், அறைக்கோ நாள்தோறும் திரும்பி வருவோம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கோபுரம் நிற்கும் 7ஆம் வட்டாரம் அமைச்சகங்களும் தூதரகங்களும் வசதியான குடும்பங்களும் நிறைந்த அமைதியான பகுதி. மாலைக்குப் பின் தெருக்கள் சீக்கிரம் அடங்கிவிடும். கோபுரத்தின் காலடியில் மெட்ரோ நிலையமும் இல்லை. பீர் அக்கேம் அல்லது எக்கோல் மிலித்தேர் நிலையத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும்.

ஆசை விடவில்லை என்றால், சற்றுத் தெற்கே 15ஆம் வட்டாரத்தின் எல்லையில் உள்ள லா மோத் பிக்கே கிரெனெல் நிலையத்தைச் சுற்றித் தேடுங்கள். அங்கே 6, 8, 10 என மூன்று மெட்ரோ பாதைகள் கூடுகின்றன. அறை வாடகை 7ஆம் வட்டாரத்தைவிடப் பெரும்பாலும் குறைவு. கோபுரத்துக்கு நடந்தே போய்விடலாம். பொழுது சாய்ந்தபின் ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்திலும் கோபுரம் ஐந்து நிமிடம் மின்னும் காட்சியை, அறைச் சன்னலிலிருந்து பார்க்கும் பேற்றுக்காக இரட்டிப்புப் பணம் கொடுப்பதைவிட, நதிக்கு அக்கரையில் உள்ள த்ரொக்காதெரோ மேடையிலிருந்து பார்ப்பது மேல் என்பது என் கருத்து.

அப்படியென்றால் எதை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

முதலில், நீங்கள் ஊருக்குள் வந்து இறங்கும் இடத்தையும் ஊரைவிட்டுப் புறப்படும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டிகளோடு செல்லும் அந்த இரண்டு பயணங்கள்தாம் மிகவும் களைப்பூட்டுபவை. ஆகவே அவ்விரண்டு இடங்களில் ஒன்றுக்காவது பாதை மாறாமல் செல்லும் ரயில் இருக்கும் நிலையத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டாவதாக, அந்த நிலையத்தில் குறைந்தது இரண்டு மெட்ரோ பாதைகளாவது இருக்கட்டும். ஒரு பாதை பழுதானாலோ வேலைநிறுத்தத்தில் நின்றாலோ மற்றொன்று கைகொடுக்கும்; போகுமிடங்களில் பாதிக்கு மேல் ஒரே ரயிலில் போய்விடவும் முடியும்.

மூன்றாவது, நிலையத்திலிருந்து விடுதி வாசல் வரையிலான நடை. முன்பதிவுத் தளங்கள் காட்டும் ‘மையத்திலிருந்து 2 கி.மீ.’ என்பது உங்களுக்கு எதையும் சொல்லாது. நிலப்படத்தில் நடைவழியை நீங்களே போட்டுப் பார்த்து, ஆறு நிமிடத்துக்குமேல் வந்தால் அடுத்த விடுதியைப் பாருங்கள். பகல் முழுவதும் அருங்காட்சியகத்தில் கால்கடுக்க நின்றுவிட்டு இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும்போது, காலையில் பொருட்படுத்தாத அந்தப் பதினைந்து நிமிடம்தான் மறுநாள் திட்டத்தையே குலைக்கும்.

பெரிய சந்திப்பு நிலையம் எல்லாம் நல்ல நிலையம் என்று எண்ணிவிடவும் கூடாது. சத்லே லே ஆல், மோன்பர்னாஸ் ஆகிய நிலையங்களில் ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்கு மாறவே நெடுந்தூரம் நிலத்தடியில் நடக்க நேரும். பாதைகள் பலவாக இருந்தும் வெளிவாயில் தெளிவாக இருக்கும் நடுத்தர நிலையங்களே தங்குவோருக்கு ஏற்றவை: தான்ஃபேர் ரோஷ்ரோ, ஓடியோன், பஸ்தீய், நசியோன், பிளாஸ் திதலி போன்றவை.

ஷார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்குகிறோம். எந்தப் பகுதி சுலபம்?

அந்த விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் ரயில் ஆர்.இ.ஆர். B. ஆர்.இ.ஆர். என்பது புறநகரையும் ஊர் நடுவையும் இணைக்கும் ரயில். அது வடக்கிலிருந்து தெற்காக கார் து நோர், சத்லே லே ஆல், சேன் மிஷேல், லுக்ஸம்பூர், போர் ரோயால், தான்ஃபேர் ரோஷ்ரோ என்ற வரிசையில் நின்று செல்கிறது. கார் து நோருக்கு அரை மணி நேரம், தான்ஃபேருக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஆறு நிலையங்களில் ஒன்றை ஒட்டித் தங்கினால் வழியில் எங்கும் மாற வேண்டியதில்லை. பயணச்சீட்டு ஒருவருக்கு 13 யூரோ.

மூன்று, நான்கு பேராகப் பெட்டிகளோடு வந்தால் டாக்சிக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஷார்ல் து கோலிலிருந்து நதியின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65 யூரோ என்று கட்டணம் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. நெரிசலோ பெட்டிகளோ அதைக் கூட்டா. 5, 6, 7, 13, 14, 15 ஆகிய வட்டாரங்கள் இடக்கரை, மற்றவை வலக்கரை. டாக்சி நிற்கும் வரிசைக்கு நீங்களே போங்கள். வருகைக் கூடத்தில் தாமாக வந்து ‘டாக்சி வேண்டுமா’ என்று கேட்பவர்களின் பின்னால் போகாதீர்கள்.

ஓர்லி விமான நிலையம் என்றால் கணக்கு வேறு. 2024 ஜூன் முதல் மெட்ரோ 14 அங்கிருந்தே புறப்படுகிறது. ஊர் நடுவே சத்லேக்கு ஏறத்தாழ 25 நிமிடம். அதற்கும் சீட்டு 13 யூரோதான். அப்போது ஒலிம்பியாது, பேர்சி, கார் து லியோன், சேன் லசார் ஆகிய நிலையங்களின் சுற்றுப்புறம் சுலபமாகிவிடும்.

லண்டனிலிருந்து யூரோஸ்டாரில் வருகிறோம். கார் து நோர் பக்கம் தங்கப் பயமாக இருக்கிறதே?

வசதி என்று பார்த்தால் அந்த நிலையத்துக்கு இணை குறைவு: மெட்ரோ 4, 5, ஆர்.இ.ஆர். B, D, அடுத்தே மெட்ரோ 2. பயம் என்று சொல்லப்படுவதில் பாதி, எந்தப் பெரிய ரயில் நிலையத்துக்கும் உரிய சந்தடி. மீதிப் பாதி உண்மை; பிக்பாக்கெட் அடிப்பவர்கள் புதிதாக இறங்குபவரைக் கண்டுகொள்வார்கள், நிலையத்தின் வாசலை ஒட்டிய தெருக்களில் நள்ளிரவில் நிற்பதும் இனிமையானது அன்று.

நான் சொல்வது, நிலைய வாசலுக்கு நேர் எதிரே எடுக்காதீர்கள் என்பதே. தெற்கே புவாசோனியேர் நிலையம் பக்கமோ, கிழக்கே சேன் மர்த்தேன் கால்வாய்ப் பக்கமோ பத்து நிமிடம் தள்ளிப் போனால், அதே 10ஆம் வட்டாரத்தில் அமைதியான தெருக்கள் கிடைக்கும்.

லாச்சப்பலிலேயே தங்கிவிட்டால் நம் சாப்பாடு கிடைக்குமே?

கார் து நோருக்கும் லா சப்பல் மெட்ரோ நிலையத்துக்கும் இடையே, ஃபோபூர் சேன் தெனி தெருவின் மேற்பகுதியிலும் அதை ஒட்டிய கயில் தெருவிலும் ஈழத்தமிழர்கள் நடத்தும் கடைகள் வரிசையாக இருக்கின்றன: உணவகம், மளிகை, புடவைக்கடை, நகைக்கடை. இட்லியும் கொத்துரொட்டியும் வாழை இலையும் அங்கே கிடைக்கும். சற்று வடக்கே, 18ஆம் வட்டாரத்தில் பழோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. கோடையின் முடிவில் தேர்த் திருவிழா நடக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அந்தத் தெருக்கள் முழுவதும் தேங்காய் உடைபடும் நாள். அன்று அப்பக்கம் பெட்டியோடு டாக்சியில் வரத் திட்டமிடாதீர்கள்.

ஆனால் சாப்பாட்டுக்காக அங்கேயே தங்க வேண்டும் என்பதில்லை. மெட்ரோ 4, 5, 7 ஆகிய மூன்று பாதைகளும் அதன் அருகே வருகின்றன. சேன் மிஷேலில் தங்குபவர் 4இலும், பஸ்தீயில் தங்குபவர் 5இலும், பிளாஸ் மோன்ழில் தங்குபவர் 7இலும் ஏறினால் மாறாமலே இரவுச் சாப்பாட்டுக்கு வந்து போகலாம். 7இல் வருபவர்கள் லூயி பிளான் நிலையத்தில் இறங்க வேண்டும். மூன்று வேளையும் நம் சமையல்தான் இறங்கும் என்ற பெரியவர்கள் உடன் வந்தால் மட்டும், லூயி பிளான் அல்லது கார் து லெஸ்த் பக்கம் தங்குவது பொருந்தும். அதைவிட நல்லது, சிறு சமையலறையோடு கூடிய அறை எடுத்து, லாச்சப்பலில் அரிசியும் பருப்பும் வாங்கிக்கொள்வது.

மாமா வீடு லா கூர்நேவில். விடுதியே வேண்டாம், அங்கேயே தங்குங்கள் என்கிறார். சரிப்படுமா?

சரிப்படும். லா கூர்நேவ் மெட்ரோ 7இன் வடமுனை, ஆர்.இ.ஆர். B நிலையமும் உண்டு. பொபினி என்றால் மெட்ரோ 5இன் முனை. ஊர் நடுவுக்கு அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும். முன்பு புறநகர் ரயிலுக்குத் தூரத்தைப் பொறுத்துக் கட்டணம் கூடியது. 2025 ஜனவரி முதல் விமான நிலையம் தவிர்த்து எங்கிருந்து எங்கே போனாலும் மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் ஒரே சீட்டு, 2.50 யூரோ. ஆகவே பணத்தில் இழப்பில்லை, நேரத்தில்தான். வீடு நிலையத்துக்கு நடை தூரத்தில் இருக்கிறதா, பேருந்து பிடிக்க வேண்டுமா என்பதை மட்டும் மாமாவிடம் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டில் விசா எடுத்து வருபவர்கள் ஒன்றை முன்கூட்டியே செய்ய வேண்டும். உறவினர் வீட்டில் தங்குவதாக விண்ணப்பித்தால், அழைப்பவர் தம் ஊர் மெரியில், அதாவது நகரசபையில், வரவேற்புச் சான்று எடுத்து அதன் மூலப் பிரதியை உங்களுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரைக் கட்டணமும், வீட்டின் பரப்பு, வருமானம் ஆகியவற்றுக்கான ஆவணங்களும் தேவை. சில மெரிகளில் சந்திப்பு நேரம் கிடைக்கவே வாரங்கள் ஆகும்.

உறவினர் யாரும் இல்லை. ஆனாலும் புறநகர் விடுதி பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

மேலே சொன்ன மூன்று அளவுகோல்களால் அளந்து பாருங்கள். மெட்ரோ பாதை சுற்றுச்சாலையைத் தாண்டி நீளும் இடங்கள் பெயரளவில்தான் புறநகர்: கிழக்கே வேன்சேன் (மெட்ரோ 1, ஆர்.இ.ஆர். A), தெற்கே மோன்ரூழ் (மெட்ரோ 4), வடமேற்கே லவல்வா (மெட்ரோ 3). வேன்சேனில் கோட்டையும் வனமும் அமைதியான கடைத்தெருவும் இருக்கின்றன. பாரிஸின் சில வட்டாரங்களைவிட அதை நான் விரும்புவேன். மேற்கே லா தெஃபான்ஸ் அலுவலகக் கோபுரங்களின் நகரம். வாரநாளில் அலுவலர்களுக்காக விலை ஏறும் விடுதிகள் சனி, ஞாயிறில் இறங்கிவரும். ஆனால் மாலையில் காலாற நடக்க அங்கே ஒன்றும் இல்லை.

தவிர்க்க வேண்டியது, விமான நிலையத்தை ஒட்டிய ருவாசி விடுதிகளில் முழுப் பயணத்துக்கும் அறை எடுப்பது. விடுதிப் பேருந்து, பிறகு ரயில், பிறகு மெட்ரோ என்று போய்வருவதிலேயே நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் கரைந்துவிடும்.

மரே, லத்தீன் குவார்ட்டர், சேன் ஜெர்மேன்: இந்த மூன்றில் எது?

மூன்றும் நடந்தே பார்க்கத்தக்க பழைய பகுதிகள். மூன்றிலும் அறை சிறிது, விலை பெரிது. சேன் ஜெர்மேன் மூன்றிலும் விலை மிகுந்தது. அங்கே கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு ஈடான வசதி எதுவும் எனக்குத் தெரியவில்லை, பெயருக்குத்தான் விலை.

மரே, 3ஆம் 4ஆம் வட்டாரங்களில் பரந்திருக்கிறது. 1612இல் திறக்கப்பட்ட வோழ் சதுக்கம் அங்கேதான் இருக்கிறது. பாரிஸின் பல பகுதிகளில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக்கிடக்கும்போது அங்கே திறந்திருக்கும். சேன் போல் நிலையத்திலிருந்து மெட்ரோ 1 நேரே லூவ்ருக்கும் ஷான்செலிசேவுக்கும் போகும். வார இறுதி இரவுகளில் மதுக்கடைத் தெருக்களில் ஓசை அடங்க நேரமாகும் என்பது குறை.

லத்தீன் குவார்ட்டர் 5ஆம் வட்டாரம். சேன் மிஷேல் நீரூற்றை ஒட்டிய சந்துகள் சுற்றுலாக் கூட்டத்துக்கென்றே நடக்கும் உணவகங்களால் நிரம்பியவை. அங்கே தங்க வேண்டாம். மேடேறித் தெற்கே பிளாஸ் மோன்ழ் நிலையத்துக்கு வந்தால் சந்தை, மூஃப்தார் தெரு, தாவரவியல் பூங்கா என ஊர்க்காரர்கள் வாழும் இடம் தொடங்கும். மெட்ரோ 7 ஒன்றே அங்கு உண்டு; இரண்டு பாதை வேண்டும் என்று நான் சொன்ன விதிக்கு இது விலக்கு. அந்த ஒரு பாதையே லூவ்ர், ஓப்பெரா, லூயி பிளான் ஆகிய மூன்றுக்கும் போய்விடுவதால் விலக்களிக்கலாம்.

மோன்மார்த்ர் படங்களில் அழகாக இருக்கிறதே, அங்கே தங்கினால்?

குன்றின் உயரம் 130 மீட்டர். தெருக்களில் பல படிக்கட்டுகளே. அபெஸ் நிலையம் தரைக்கு 36 மீட்டர் கீழே இருக்கிறது. லிஃப்ட் உண்டு, பழுதானால் சுழற்படி. முதுகுப்பை மட்டும் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு இது பொருட்டன்று. சக்கரப் பெட்டிகளோடு வரும் குடும்பத்தினர் ஒரு மாலைப் பொழுதில் வந்து பார்த்துவிட்டுப் போவதே நலம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. பாரிஸ் மெட்ரோ சரிவருமா?

பெரும்பாலும் வராது. 1900இல் தொடங்கிய அமைப்பு என்பதால் பழைய நிலையங்கள் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. எஸ்கலேட்டர் இருந்தாலும் கடைசி இருபது படிகளை ஏறித்தான் தெருவுக்கு வர வேண்டியிருக்கும். எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உள்ள பாதை 14 ஒன்றே. கார் து லியோன், பேர்சி, ஒலிம்பியாது ஆகியவற்றில் ஒன்றை ஒட்டித் தங்கி, 14ஐயும் பேருந்துகளையும் வைத்தே பயணத்தைத் திட்டமிடுங்கள். நகரப் பேருந்துகள் தாழ்தளம் கொண்டவை. தெருக்களையும் பார்த்துக்கொண்டே போகலாம். பஸ்தீய், லூவ்ர் வழியாக ஈஃபிள் கோபுரத் திடல் வரை செல்லும் 69ஆம் எண் பேருந்து அம்மாவுக்கு எந்தச் சுற்றுலாப் பேருந்தைவிடவும் நன்றாக ஊரைக் காட்டும். பேருந்துச் சீட்டு 2 யூரோ. அதைக் கொண்டு மெட்ரோவில் ஏற முடியாது.

விடுதியிலும் இதே கவனம் வேண்டும். பழைய கட்டடங்களில் லிஃப்ட் முதல் தளத்தில்தான் தொடங்கும், அல்லது ஒருவரும் ஒரு பெட்டியும் மட்டும் நிற்கும் அளவில் இருக்கும். ‘லிஃப்ட் உண்டு’ என்ற ஒரு வரியை நம்பாமல், தெருவாசலிலிருந்து அறை வரை ஒரு படியும் இல்லையா என்று எழுதிக் கேளுங்கள்.

நாங்கள் நான்கு பேர், இரண்டு குழந்தைகள். ஒரே அறையில் சமாளித்துக்கொள்ளலாமா?

விடுதியினர் பொதுவாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அறைக்குரிய ஆள் எண்ணிக்கையைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். அறைகளும் அதற்கு இடந்தராது. பிரான்சின் விதிப்படி, மூன்று நட்சத்திர விடுதியில் இருவர் அறை குளியலறையையும் சேர்த்து 13.5 சதுர மீட்டர் இருந்தாலே போதும். அதில் இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்க முடியாது. அடுக்கக விடுதி எனப்படும், சிறு சமையலறையும் விரித்துப்போடும் சோபாவும் உள்ள இடங்களைத் தேடுங்கள். அவை ஊர் நடுவில் குறைவு. 12, 13, 15ஆம் வட்டாரங்களில் கிடைக்கும்.

டிஸ்னிலேண்டும் திட்டத்தில் இருந்தால் நசியோன் அல்லது கார் து லியோன் பக்கம் சிறந்தது. அங்கிருந்து ஆர்.இ.ஆர். A மாறாமல் கொண்டுபோய் விடும். முக்கால் மணி நேரத்துக்குள்தான் ஆகும்.

தனியார் ஃபிளாட் வாடகைக்கு எடுப்பது பாதுகாப்பானதா?

விளம்பரத்தில் 13 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். நகரசபை வழங்கும் அந்த எண் இன்றி பாரிஸில் சுற்றுலா வாடகைக்கு விடக் கூடாது. தாம் குடியிருக்கும் வீட்டை உரிமையாளர் ஆண்டுக்கு 120 நாள் வரை இப்படி விடலாம் என்றிருந்ததை, 2025 முதல் 90 நாளாக நகரம் குறைத்துவிட்டது. எண் இல்லாத வீட்டை எடுத்தால் கடைசி நேரத்தில் முன்பதிவு நீக்கப்படும் ஆபத்து உங்களுக்குத்தான்.

பரப்பளவைச் சதுர மீட்டரில் பாருங்கள்; 20க்குக் குறைந்தால் அது ஒற்றை அறை. தளக் கணக்கையும் பாருங்கள்: நம் ஊரைப் போலவே தரைத்தளத்துக்கு மேலே உள்ளதுதான் முதல் தளம். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஆறாம் தளம் என்பது, முற்காலத்தில் பணிப்பெண்கள் தங்கிய கூரையடி அறை. விலை குறைவாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் அதுதான்.

முன்பதிவில் காட்டிய தொகைக்கு மேல் விடுதியில் பணம் கேட்டார்கள் என்கிறார்களே?

சுற்றுலா வரியாக இருக்கும். ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கு. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இல்லை. 2024 தொடக்கத்தில் இது பன்மடங்கு உயர்த்தப்பட்டு, இரண்டு நட்சத்திரத்துக்கு 3.25 யூரோ, மூன்றுக்கு 5.20, நான்குக்கு 8.13 என்றானது, பிறகு இன்னும் சற்றுக் கூடியிருக்கிறது. இருவர் ஏழு இரவுகள் நான்கு நட்சத்திரத்தில் தங்கினால் நூறு யூரோவைத் தாண்டிவிடும். இரண்டு விடுதிகளின் விலையை ஒப்பிடும்போது வரியையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டில் வருகிறோம். ஐரோப்பாதானே, ஏசி எதற்கு?

2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 பாகை செல்சியஸ் பதிவானது. துத்தநாகத் தகடு வேய்ந்த கூரைக்குக் கீழே உள்ள மேல்தள அறைகள் அப்படிப்பட்ட நாட்களில் உறங்கத்தக்கவை அல்ல. மின்விசிறியும் பெரும்பாலும் இராது. கோடைக்கு ஏசி உள்ள அறையையே எடுங்கள். ஏசி இல்லையென்றால் சன்னலைத் திறந்து வைத்துத்தான் உறங்க வேண்டும். அப்போது தெருப்பக்க அறைக்குப் பதில் உள்முற்றப் பக்க அறை கேளுங்கள். ஆகஸ்டில் பல பேக்கரிகளும் சிறு உணவகங்களும் விடுமுறைக்கு மூடிவிடுவதால், 15, 17ஆம் வட்டாரங்கள் போன்ற குடியிருப்புப் பகுதிகள் வெறிச்சோடும்.

இரவில் போகவே கூடாத பகுதி எது?

பயணிக்கு உண்மையில் நேரும் இழப்பு இரவில் இருட்டுத் தெருவில் நேர்வதைவிட, பட்டப்பகலில் மெட்ரோ 1இலும், ஆர்.இ.ஆர். Bயிலும், த்ரொக்காதெரோவிலும், மோன்மார்த்ர் தேவாலயப் படிகளிலும் பணப்பை பறிபோவதுதான். கையில் வண்ணக் கயிறு கட்ட வருபவர்களிடமும் கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டுபவர்களிடமும் நிற்காமல் நடந்துவிடுங்கள்.

தங்குவதற்கு என்று கேட்டால், வடகிழக்கில் போர்த் து லா சப்பல், ஸ்தாலின்கிராத் நிலையங்களை ஒட்டிய தெருக்களைப் புதியவர்கள் தவிர்க்கலாம். மெட்ரோ பொதுவாக இரவு ஒன்றே கால் வரையும், வெள்ளி, சனியில் ஒரு மணி நேரம் கூடுதலாகவும் ஓடுகிறது. கடைசி ரயிலுக்கு முன்னதாகவே திரும்பிவிடுங்கள்.

வாராந்திரப் பயண அட்டை வாங்கினால் எங்கே தங்கினாலும் ஒன்றுதானா?

கட்டண அளவில் ஏறத்தாழ ஒன்றுதான். நவிகோ வார அட்டை 31.60 யூரோ; விமான நிலையம், வெர்சாய், டிஸ்னிலேண்ட் எல்லாம் அதில் அடங்கும். புகைப்படம் ஒட்டிய அட்டைக்குத் தனியே 5 யூரோ. ஆனால் அந்த வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை. வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் அன்று. வெள்ளிக்கிழமை வந்திறங்குபவருக்கு அடுத்த வார அட்டைதான் தருவார்கள். திங்களோ செவ்வாயோ வருபவர்கள் தயங்காமல் வாங்கலாம். வியாழனில் வந்து செவ்வாயில் போகிறவர்கள் தனிச் சீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்து, அதற்கேற்ப நடந்து போகக்கூடிய பகுதியில் தங்குவதே சிக்கனம்.

ஏழு நாள் இருக்கிறோம். பாதியை ஒரு பகுதியிலும் பாதியை இன்னொன்றிலும் தங்கினால் இரண்டையும் பார்க்கலாமே?

வேண்டாம். காலை பதினொன்றுக்கு அறையைக் காலி செய்து, மாலை மூன்று மணிக்குத்தான் அடுத்த அறை கிடைக்கும். நடுப்பொழுது பெட்டிகளோடு போய்விடும்.

எல்லாம் படித்துவிட்டேன், இன்னும் குழப்பம்தான். ஒரே ஓர் இடம் சொல்லுங்கள்.

14ஆம் வட்டாரத்தில் தான்ஃபேர் ரோஷ்ரோ. ஆர்.இ.ஆர். B விமான நிலையத்திலிருந்து நேரே வருகிறது. மெட்ரோ 4 நோத்ர் தாம் அருகில் உள்ள சித்தேக்கும் கார் து நோருக்கும் போகிறது. லாச்சப்பல் சாப்பாட்டுக்கும் அதுவே. மெட்ரோ 6 பெரும்பகுதி தரைக்கு மேலே ஓடி, பீர் அக்கேமில் ஈஃபிள் கோபுரத்தைக் காட்டியபடி நதியைக் கடந்து வெற்றி வளைவுக்குப் போகிறது. பக்கத்திலேயே தாகேர் தெருவில் காய்கறி, பழம், ரொட்டி, பாலாடைக்கட்டிக் கடைகள். விலையும் 5, 6ஆம் வட்டாரங்களைவிடத் தணிவு. படி ஏற முடியாதவர்களுக்கும் டிஸ்னிலேண்டை முதன்மையாக வைத்திருப்பவர்களுக்கும் மட்டும் இது பொருந்தாது. அவர்களுக்குக் கார் து லியோன்.

திரும்பும் விமானம் காலை ஆறரைக்கு. தான்ஃபேரிலிருந்து போக முடியுமா?

ரயிலை நம்பிப் போக முடியாது. விமான நிலையம் செல்லும் முதல் ஆர்.இ.ஆர். B கார் து நோரிலிருந்தே ஐந்து மணியளவில்தான் புறப்படும். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும் என்றால் அது பயன்படாது. முந்தைய இரவே டாக்சி சொல்லி வையுங்கள்; நிர்ணயக் கட்டணம் அதிகாலைக்கும் அதேதான், முன்பதிவுக்குச் சிறு தொகை மட்டும் கூடும். அல்லது, முழுப் பயணத்துக்கும் வேண்டாம் என்று மேலே தள்ளிய ருவாசி விடுதியில் கடைசி இரவுக்கு மட்டும் அறை எடுங்கள். விடுதிப் பேருந்தின் முதல் புறப்பாடு எத்தனை மணிக்கு என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்; அதிகாலை நாலரைக்கு முன்னால் வண்டி எடுக்காத விடுதிகளும் உண்டு.